காரியாலயத்திலிருந்து போகும் கோலில் எந்த இலக்கம் தெரிய வேண்டும்?

தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "மட்டக்களப்பில் தலைமைக் காரியாலயம், கல்முனையிலும் அம்பாறையிலும் கிளை. பெண்களுக்கான வாழ்வாதாரக் கடன், சிறுவர் பராமரிப்பு, குடும்ப ஆலோசனை என்று மூன்று பிரிவுகள். போன மாதம் ஐபி பிபிஎக்ஸ் (காரியாலயக் கோல்களைப் பிரித்து அனுப்பும் இணைப்பகம்) போட்டோம். இப்போது நாங்கள் எடுக்கிற ஒவ்வொரு கோலிலும் வெவ்வேறு இலக்கம் தெரிகிறதாம், திரும்ப எடுத்தால் பதில் இல்லையாம். கோலர் ஐடிக்கு, அதாவது எடுக்கும் கோலில் தெரியும் இலக்கத்துக்கு, ஒரு கொள்கை எழுதச் சொல்லிப் பணிப்பாளர் கேட்கிறார். எங்கே தொடங்குவது, அண்ணன்?"

தம்பி, பிபிஎக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் நிறுவனத்திலிருந்து வெளியே போகும் கோல்களை வகை வகையாக எழுதுங்கள். கடன் தவணையை நினைவூட்டும் கோல், கூட்டத்துக்கு அழைக்கும் கோல், ஆலோசகர் எடுக்கும் கோல், கணக்குப் பிரிவு வங்கிக்கு எடுக்கும் கோல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதுங்கள்: இந்த ஆள் திருப்பி எடுத்தால் யார் பேச வேண்டும்? அதற்கு விடை வந்துவிட்டால் கொள்கையில் பெரும்பகுதி முடிந்தது. எந்த இலக்கத்தைக் காட்டுவது என்பது அந்த விடையைப் பார்த்துத்தான் முடிவாகும்.

நம் ஊரில் இது மற்ற இடங்களைவிட முக்கியம். வேளாண்மைக் காலத்தில் படுவான்கரையில் வயலில் நிற்பவர் உங்கள் கோலை எடுக்கமாட்டார். பொழுதுபட வீட்டுக்கு வந்து, மிஸ் கோலைப் பார்த்துத்தான் திருப்பி எடுப்பார். போனில் காசில்லாதவர் ஒரு மணி அடித்துவிட்டு வைப்பார், நாம் எடுக்க வேண்டும் என்று. ஆகவே உங்கள் உரையாடல்களில் கணிசமானவை நீங்கள் எடுத்த கோலில் நடப்பதில்லை, அவர்கள் திருப்பி எடுக்கும் கோலில்தான் நடக்கின்றன.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவ நிலையத்துக்கு நானே இதைப் பிழையாகப் போட்டுக் கொடுத்தேன். எட்டு சிம் போடுகிற கேட்வே ஒன்று, எந்த சிம் சும்மா இருக்கிறதோ அதன் வழியே கோல் போகும். செலவு குறைந்தது, எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் சிம்மிற்குத் திரும்பி வருகிற கோலை எங்கே அனுப்புவது என்று நான் எழுதவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளில்லை. வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு வயோதிபர் காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். முதல்நாள் அவருக்குப் போன கோலே "நாளைக்கு டொக்டர் இல்லை, வர வேண்டாம்" என்று சொல்லத்தான். அவர் மூன்று தரம் திருப்பி எடுத்திருக்கிறார். அன்றைக்குப் பிறகு, உள்ளே வரும் வழியை எழுதி முடிக்காமல் வெளியே போகும் இலக்கத்தை நான் தொடுவதில்லை.

உங்களுக்கு நடப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எனவே முதலில் உங்களிடம் உள்ள இணைப்புகள் என்னென்ன என்று பாருங்கள். ஒவ்வொரு வகை இணைப்பும் இலக்கத்தைக் காட்டுவதில் ஒவ்வொரு அளவு சுதந்திரம்தான் தரும்.

சிம் கேட்வேயில் சுதந்திரமே இல்லை. எந்த சிம் வழியாகப் போகிறதோ அந்த சிம்மின் இலக்கம்தான் தெரியும், பிபிஎக்ஸில் நீங்கள் என்ன எழுதினாலும் வலையமைப்பு அதைக் கண்டுகொள்ளாது. செய்யக்கூடியது, ஒரு பிரிவுக்கு ஒரு சிம் என்று கட்டிவைப்பதும், அந்த சிம்மிற்கு வரும் கோலை அந்தப் பிரிவுக்கே திருப்புவதும்தான். பழைய செப்புக் கம்பி இணைப்பும் அப்படியே, அந்த லைனின் இலக்கம்தான் போகும். இணையவழித் தொலைபேசி இணைப்பான சிப் ட்ரங்கிலும் முப்பது கோல் ஒரே நேரத்தில் போகிற பிஆர்ஐ இணைப்பிலும்தான் நீங்கள் தெரிவுசெய்ய இடமுண்டு. அங்கேயும் உங்களுக்கென்று ஒதுக்கிய இலக்கங்களுக்குள் மட்டும்தான். ஒதுக்காத இலக்கத்தை அனுப்பினால் சில தொலைபேசி வழங்குநர் அதைத் தூக்கிவிட்டு உங்கள் பிரதான இலக்கத்தைப் போடுவார்கள், சிலரிடம் கோலே போகாது. வேறொருவரின் இலக்கத்தைக் காட்டலாமா என்று நிறுவனத்துக்குள் யாராவது கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது மோசடிக்காரர் செய்கிற வேலை.

இலக்கத்தை எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதையும் வழங்குநரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வதேச முறைப்படி +94, அதன்பின் பூச்சியம் இல்லாமல் 65, அதன்பின் ஏழு எண்கள். சிலருக்கு கூட்டல் குறி வேண்டாம், சிலருக்கு 065 என்று பூச்சியத்தோடு வேண்டும். பிபிஎக்ஸ் வெறும் ஏழு எண்களை மட்டும் அனுப்பினால், வாங்குகிறவரின் கைபேசியில் பாதி இலக்கம்தான் விழும், அதைத் தொட்டுத் திருப்பி எடுத்தால் எங்கும் போகாது. திரும்ப எடுக்க முடியவில்லை என்ற முறைப்பாடுகளில் ஒரு பகுதி இந்தச் சின்னப் பிழையால் வருவது.

இனி குறியீட்டு எண். மட்டக்களப்புக்கு 065. அம்பாறை மாவட்டத்துக்குள் இரண்டு இருக்கின்றன: அம்பாறை நகரமும் பொத்துவிலும் 063, கல்முனையும் அக்கரைப்பற்றும் 067. உங்கள் கல்முனைக் கிளையின் கோல் மட்டக்களப்பு ட்ரங்க் வழியாக 065 என்று போனால், சாய்ந்தமருதில் இருக்கிற ஒரு தாய் அதைத் தன் கிளையோடு சேர்த்துப் பார்ப்பாரா என்று யோசியுங்கள். 011 என்று தெரிந்தால் இன்னும் மோசம். கொழும்பு இலக்கம் என்றாலே லீசிங் கொம்பனி, கடன் அட்டை என்று வெட்டிவிடுகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நுண்கடன் வசூலிப்பால் மனம் நொந்த குடும்பங்கள் நம் பகுதியில் எத்தனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வீடுகளில் தெரியாத இலக்கம் என்பதே பயம். ஆகையால் கிளைக்கு ஒரு இலக்கம், அந்தந்த ஊர்க் குறியீட்டில், மாறாமல், வருடக்கணக்காக. இதுதான் என் முடிவான அபிப்பிராயம். காசு மிச்சம் பிடிக்க இலக்கத்தை மாற்றுகிற நிறுவனம் அந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்ட எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

இப்போது பிபிஎக்ஸுக்கு வரலாம். பெரும்பாலான அமைப்புகளில் வெளியே போகும் இலக்கத்தைத் தீர்மானிக்க மூன்று நான்கு படிகள் இருக்கும்: எக்ஸ்டென்ஷனுக்கு (ஒவ்வொரு மேசைப் போனின் உள் இலக்கத்துக்கு) எழுதிய இலக்கம், வெளிச்செல்லும் வழிக்கு எழுதிய இலக்கம், ட்ரங்கிற்கு எழுதிய இலக்கம், அவசர கோலுக்கென்று தனியாக எழுதியது. ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற இலவச பிபிஎக்ஸ் மென்பொருள் என்றால், சாதாரணமாக எக்ஸ்டென்ஷனில் எழுதியதுதான் வெல்லும். வழியில் "மேலெழுது" என்று குறியிட்டால் வழியில் எழுதியது வெல்லும். ட்ரங்கில் "கட்டாயம்" என்று போட்டால், அவசர கோலுக்கென்று எழுதியது தவிர மற்றவை எல்லாம் அடிபட்டுப் போகும். மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் பாவிப்பவர்களுக்கு நிறுவனம் முழுவதற்குமான இயல்புக் கொள்கை ஒன்று ஏற்கனவே இருக்கும். அதன் மேல் தனிக் கொள்கைகள் செய்து, பயனாளரின் சொந்த இலக்கமா, ஒரு சேவை இலக்கமா, அல்லது இலக்கமே தெரியாமலா என்று ஆளுக்கு ஆள் ஒதுக்கலாம். மாற்றம் உடனே பிடிக்காது, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். அது தெரியாமல் பத்து நிமிடத்தில் இன்னொரு மாற்றம் செய்து, பிறகு எது எதனால் நடந்தது என்று தெரியாமல் குழம்பியவர்கள் உண்டு.

என் முறை இது. இயல்பாக எல்லோருக்கும் கிளையின் பொது இலக்கம். எக்ஸ்டென்ஷன் இடம் வெறுமை. விதிவிலக்கு யாருக்கு என்று கொள்கையில் பதவிப் பெயரால் எழுதியிருந்தால் மட்டும் அந்த எக்ஸ்டென்ஷனுக்குத் தனி இலக்கம். ஆளின் பெயரால் விதிவிலக்குக் கொடுக்காதீர்கள். அவர் விலகிப்போன பிறகும் அந்த இலக்கம் மூன்று வருடம் யாருமில்லாத மேசையில் அடிக்கும். பொது இலக்கத்தைக் காட்டினால் திரும்பி வருகிற கோல் வரவேற்பில் போய் முட்டுமே, யார் எடுத்தது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்கு வழி இருக்கிறது. யீஸ்டார் பிபிஎக்ஸில் "ஓட்டோ கிளிப்" என்று ஒரு வசதி உண்டு. வெளியே எடுத்த கோலை எந்த எக்ஸ்டென்ஷன் எடுத்தது என்று குறித்துவைத்து, அதே ஆள் திருப்பி எடுத்தால் நேராக அந்த மேசைக்கே அனுப்பும். வேறு அமைப்பென்றாலும் இதே வேலையைச் செய்ய வழி இருக்கிறதா என்று உங்கள் தொழில்நுட்பக்காரரைக் கேளுங்கள். உங்கள் முறைப்பாட்டில் பாதி இந்த ஒன்றாலேயே தீரும்.

குடும்ப ஆலோசனைப் பிரிவைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே பிழை விட்டால் ஒரு பெண் அடி வாங்குவாள். வீட்டில் வன்முறையை அனுபவிக்கிறவரின் போனை அவர் மட்டும் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் பொது இலக்கம் திரையில் விழுந்து, கணவன் திருப்பி எடுத்து, வரவேற்பில் இருக்கிற பிள்ளை பழக்கதோசத்தில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னால் முடிந்தது. அதற்காக இலக்கத்தை மறைத்துவிடலாமா? பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மறைத்த இலக்கத்தைப் பயத்தில் எடுக்காதவர்கள் பலர். இன்னொன்று, சந்தேகப்படுகிற கணவனுக்கு "தனிப்பட்ட இலக்கம்" என்று தெரிகிற கோலைவிட மோசமானது எதுவுமில்லை. அந்தப் பெண்ணுக்குத் திருப்பி எடுக்கவும் முடியாது, ஆபத்தில் நிற்கும்போது.

ஆகவே ஆலோசனைப் பிரிவுக்கு எந்த விளம்பரத்திலும், பலகையிலும், முகநூலிலும் இல்லாத ஒரு சாதாரண இலக்கம் வாங்குங்கள். அதற்குத் திரும்பி வரும் கோல் ஆலோசகர்களுக்கு மட்டும் போகட்டும். எடுப்பவர் "ஹலோ, சொல்லுங்க" என்பதோடு நிற்க வேண்டும், நிறுவனத்தின் பெயர் வாயில் வரக்கூடாது. குரல்பதிவில் நிறுவனத்தின் பெயரோ காத்திருப்பு இசையோ இருக்கக்கூடாது. முதல் சந்திப்பிலேயே அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதுங்கள்: எந்த இலக்கத்துக்கு, எந்த நேரத்தில் எடுப்பது பாதுகாப்பு, வேறு ஆள் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்பலாமா கூடாதா. தன் போனில் அதை என்ன பெயரில் சேமிப்பது என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். இதையெல்லாம் மீறி ஒருவர் மறைத்தே எடுக்கச் சொன்னால் மட்டும் மறையுங்கள். சிம் வழியாக எடுக்கும்போது இலக்கத்துக்கு முன் #31# சேர்ப்பது ஜிஎஸ்எம் வலையமைப்புகளின் பொதுமுறை. சிப் ட்ரங்கில் தனியுரிமைக் குறியோடு அனுப்ப வேண்டும், உண்மை இலக்கம் வழங்குநர் வரைக்கும் போய் அங்கே மறைக்கப்படும். ஆலோசகர்கள் 1938 மகளிர் உதவி இலக்கத்துக்கோ 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கோ எடுக்கும்போது இலக்கம் மறையாமல் போவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் திருப்பி எடுக்க வேண்டிவரும்.

அவசர கோலில் விதிவிலக்கே கிடையாது. 119 (பொலிஸ்), 110 (தீயணைப்பு), 1990 (அம்பியூலன்ஸ்) மூன்றுக்கும் எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும், எந்தத் தடையும் இல்லாமல், இலக்கம் மறையாமல் போக வேண்டும். அதுவும் அந்தக் கிளையின் சொந்த லைன் வழியாக. கல்முனைக் கிளையில் ஒருவர் மயங்கி விழுந்து, கோல் மட்டக்களப்பு ட்ரங்க் வழியாகப் போய், பாதியில் அறுந்தால், அம்பியூலன்ஸ்காரர் திருப்பி எடுக்கிற இலக்கம் நாற்பது கிலோமீற்றர் தள்ளி அடிக்கும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சிம்மையாவது இதற்கென்று வையுங்கள். மார்கழி வெள்ளத்தில் கம்பி லைன் போகும்போதும் அதுதான் கைகொடுக்கும். வெள்ளக் காலத்தில் எந்த இலக்கத்திலிருந்து கோல் வரும் என்பதைப் பயனாளிகளுக்கு மழை தொடங்க முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிக்கள உத்தியோகத்தர்கள் சொந்தக் கைபேசியில் எடுப்பதை நிறுத்துவதும் இந்தக் கொள்கைக்குள் வர வேண்டும். பகலில் கடன் விடயமாக எடுத்த இலக்கத்துக்கு இரவு பதினொரு மணிக்குக் கோல் வருகிறது என்று அழுத தங்கச்சிமாரை எனக்குத் தெரியும். பிபிஎக்ஸின் செயலியைக் கைபேசியில் போட்டால் காரியாலய இலக்கம்தான் தெரியும், ஐந்து மணிக்குப் பிறகு வருவது குரல்பதிவுக்குப் போகும். வாகரைப் பக்கம், காட்டோரம், டேட்டா சரியாகப் பிடிக்காத இடங்களில் செயலி தடுமாறும். அங்கே உத்தியோகத்தர் பிபிஎக்ஸுக்குச் சாதாரண கோல் ஒன்று எடுத்து, இரகசிய எண்ணைக் கொடுத்து, அதன் வழியாக வெளியே எடுக்கிற ஏற்பாடு செய்யலாம்.

திசைதிருப்பிய கோல் ஒரு தலையிடி. பயனாளி காரியாலயத்துக்கு எடுக்கிறார், அது உத்தியோகத்தரின் கைபேசிக்குத் திரும்புகிறது. கைபேசியில் பயனாளியின் இலக்கம் தெரிய வேண்டும் என்று எல்லோரும் விரும்புவார்கள். ஆனால் அந்த இரண்டாவது கோல் உங்கள் ட்ரங்கிலிருந்து வெளியே போவது, பயனாளியின் இலக்கம் உங்களுக்கு ஒதுக்கியதல்ல, ஆகவே வழங்குநர் மறுக்கலாம். திசைதிருப்பிய இலக்கத்தைக் கோலோடு போகும் தகவலில் தனித் தலைப்பாகச் சேர்த்து அனுப்பினால் ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்காவிட்டால் காரியாலய இலக்கமே தெரியட்டும். யார் எடுத்தார் என்பதைப் பிபிஎக்ஸின் பதிவில் பார்க்கலாம்.

பெயர் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. பிபிஎக்ஸில் நிறுவனத்தின் பெயரை எழுதினால் வெளியே தெரியும் என்று நம்புகிறார்கள். நம் நாட்டில் வெளியே போவது இலக்கம்தான். பெயர் தெரிவது வாங்குகிறவர் சேமித்திருந்தால், அல்லது ட்ரூகோலர் போன்ற செயலி வைத்திருந்தால். ஆகவே அங்கத்துவப் புத்தகத்தின் முன்பக்கத்தில் இலக்கத்தைப் பெரிதாக அச்சிடுங்கள், கூட்டத்தில் எல்லோரையும் அங்கேயே சேமிக்கச் சொல்லுங்கள். எஸ்எம்எஸ்ஸில் பெயர் காட்டலாம், ஆங்கில எழுத்தில் பதினொன்றுக்குள். ஆனால் அந்தப் பெயருக்குத் திருப்பி எடுக்க முடியாது, செய்திக்குள்ளேயே இலக்கத்தை எழுத வேண்டும். உள்ளே எக்ஸ்டென்ஷன் பெயர்களைத் தமிழில் எழுத ஆசை வரும், எனக்கும் அது விருப்பம். முதலில் ஒரு மேசைப் போனில் பாருங்கள், பல போன்களில் கட்டம் கட்டமாகத்தான் விழுகிறது.

உள்ளே வருகிற இலக்கத்தை அடையாள அட்டையாக நம்பாதீர்கள். திரையில் தெரிகிற இலக்கத்தைப் பொய்யாக்க முடியும். அமெரிக்காவில் பெரிய வழங்குநர்கள் கோலோடு மின்கையொப்பம் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று 2021 இல் கட்டாயமாக்கியதே இந்தத் தொல்லையால்தான். வங்கியின் இலக்கத்திலிருந்து கோல் வந்தாலும் கணக்கு மாற்றமோ கடவுச்சொல்லோ கேட்டால் வைத்துவிட்டு, உங்களிடமுள்ள இலக்கத்துக்கு நீங்கள் எடுங்கள் என்று கணக்குப் பிரிவுக்கு எழுதி வையுங்கள். கோல் பதிவுகள் தனிநபர் தரவு, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஆலோசனைப் பிரிவின் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை மாதம் வைப்பது என்பதைப் பணிப்பாளர் கையொப்பத்தோடு முடிவுசெய்யுங்கள்.

கொள்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கிளை வாரியாக எந்த இலக்கம், விதிவிலக்கு எந்தப் பதவிக்கு, மறைக்க யார் அனுமதி தரலாம், அவசர கோலுக்கு எந்த லைன், மாற்றம் செய்தால் யார் பரீட்சித்துக் கையொப்பமிடுவது. பரீட்சை இப்படி: டயலொக், மொபிட்டெல், ஹட்ச் சிம் போட்ட மூன்று கைபேசிகளையும் ஒரு வீட்டு லைனையும் எடுங்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் நான்குக்கும் எடுத்து, தெரிந்த இலக்கத்தை எழுதி, பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் திருப்பி எடுங்கள். ஒருதரம் காரியாலய நேரத்தில், ஒருதரம் இரவு ஏழு மணிக்கு. 119ஐயும் 1990ஐயும் சும்மா எடுத்துப் பார்க்காதீர்கள். அவர்களின் லைனை அடைக்கக் கூடாது, வழி சரியா என்பதை உங்கள் தொழில்நுட்பக்காரர் அமைப்பிலேயே பார்த்துச் சொல்லட்டும்.

திங்கட்கிழமை முதல் வேலையாக சிம்களுக்கு வருகிற கோலை வரவேற்புக்குத் திருப்பிவிடுங்கள். கொள்கை எழுதி முடிய ஒரு மாதம் எடுக்கும், அதுவரைக்கும் திருப்பி எடுக்கிற சனத்துக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். வழங்குநர் என்ன வடிவம் கேட்கிறார் என்று தெரிந்ததும் எழுதுங்கள் தம்பி, ட்ரங்க் அமைப்பைச் சேர்ந்து பார்ப்போம்.